என்.பி.ஏ. ட்ரேடு வதந்திகள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கூடைப்பந்து கோர்ட்டில் காலையில் ஆட வருகிறவர்களில் பாதிப்பேர் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.யின் ஆட்டங்களைக் காபியோடு சேர்த்துப் பார்ப்பவர்கள். அமெரிக்காவில் ராத்திரி ஆடுவது நமக்குக் காலை ஆறு, ஏழு மணிக்கு வருகிறது. ஜனவரி பிறந்துவிட்டால் ஸ்கோர் பேச்சு குறைந்து, "அவன் எங்க போறான், இவன் எங்க வர்றான்" என்பதே பேச்சாகிவிடும். நான் கொஞ்சம் விதிமுறை படிப்பவன் என்று பெயர் வாங்கிவிட்டதால் எல்லாக் கேள்வியும் என்னிடம் வருகிறது. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லிக் களைத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே.

ட்ரேடுன்னா என்ன? ஜடேஜாவைக் குடுத்து சஞ்சுவை வாங்கினாங்களே, அது மாதிரிதானா?

ஏறக்குறைய அதேதான், ஆனால் இரண்டு வித்தியாசம் உண்டு. 2025 நவம்பரில் ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போய் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தபோது ஜடேஜாவின் தொகை 18 கோடியிலிருந்து 14 கோடி ரூபாயாகக் குறைந்தது. என்.பி.ஏ.யில் அது நடக்காது. வீரர் எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறாரோ, அந்த ஒப்பந்தம் ஒரு பைசா மாறாமல் அவரோடு புது அணிக்குப் போகும்.

இரண்டாவது, ஐ.பி.எல்.லில் வீரரின் சம்மதம் வேண்டும். என்.பி.ஏ.யில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வேலை ஊர் மாறிவிட்டது என்று போன் வரும், அவ்வளவுதான்.

ஒரு டீம்ல மொத்தம் எத்தனை பேர்?

சீசன் நடக்கும்போது முழு ஒப்பந்தத்தில் 15 பேர். அதற்கு மேல் 'டூ-வே' ஒப்பந்தத்தில் 3 பேர், இவர்கள் என்.பி.ஏ.வுக்கும் கீழ்மட்ட ஜி லீகுக்கும் போய்வருபவர்கள். கோடையிலும் பயிற்சி முகாமிலும் 21 பேர் வரை வைத்துக்கொள்ளலாம்.

இந்த 15 என்ற எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பாதி வதந்தியை இதை வைத்தே சலித்துவிடலாம். "மூணு பேரைக் குடுத்து ஒருத்தரை வாங்கலாமே" என்பார்கள். அந்த மூவரை வாங்குகிற அணியிடம் காலி இடம் இல்லையென்றால், வருகிற மூவருக்கு இடம் விட இருவரை வெளியே அனுப்ப வேண்டும். அவர்களின் சம்பளத்தையும் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

பிடிக்கலைன்னா வீரர் போக மாட்டேன்னு சொல்ல முடியாதா?

ஒப்பந்தத்தில் 'என்னை ட்ரேடு செய்யக் கூடாது' என்ற விதி எழுதப்பட்டிருந்தால் சொல்லலாம். அதைக் கேட்கவே லீகில் 8 ஆண்டு அனுபவமும், அதில் 4 ஆண்டு அதே அணியில் ஆடியதும் வேண்டும். தகுதி இருந்தாலும் அணிகள் லேசில் கொடுப்பதில்லை. லெப்ரான் ஜேம்ஸுக்கு இருந்தது. பிராட்லி பீலுக்கு 2022-ல் வாஷிங்டன் கொடுத்தது. 2023-ல் அவர் பீனிக்ஸுக்குப் போனபோது, முதல் பதிலில் சொன்னபடி, அந்த விதியும் கூடவே போய்விட்டது. பிறகு பீனிக்ஸ் அவரை அனுப்ப நினைத்தபோதெல்லாம் அதுவே தடையாக நின்றது. கடைசியில் 2025 கோடையில் ஒப்பந்தத்தையே முறித்துக் காசு கொடுத்து அனுப்பினார்கள்.

மற்றவர்கள் கதை டிமார் டிரோசன் கதைதான். ஒன்பது சீசன் டொரன்டோவுக்காக ஆடியவர். 2018 ஜூலையில் கவாய் லெனர்டுக்காக அவரை சான் அன்டோனியோவுக்கு அனுப்பினார்கள். உன்னை அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டு அனுப்பியதாக அவர் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். மறு ஆண்டு டொரன்டோ கோப்பை வென்றது. இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஏன் எல்லாமே பிப்ரவரியில நடக்குது?

கெடு அப்போதுதான். கோடையில் புதிதாகக் கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோரை டிசம்பர் 15 வரை ட்ரேடு செய்ய முடியாது. கெடு பிப்ரவரி முதல் வாரத்தில் முடிகிறது. ஆக, இடையில் இருப்பது ஏழெட்டு வாரம். 2025-ல் பிப்ரவரி 6, நியூயார்க் நேரம் மாலை 3 மணி. நமக்கு விடிந்தால் வெள்ளி, ராத்திரி 1.30.

இந்த ஷாம்ஸ் யாரு? அவருக்கு மட்டும் எப்படி முதல்ல தெரியுது?

ஷாம்ஸ் சரானியா, இ.எஸ்.பி.என். செய்தியாளர். அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் ஏட்ரியன் வோஜ்னரோவ்ஸ்கி. 2024 செப்டம்பரில் இந்த ஓட்டமே போதும் என்று விட்டுவிட்டு, தான் படித்த கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு மேலாளராகப் போய்விட்டார். நாள் முழுக்க ஃபோனும் கையுமாக இருக்கும் வேலை அது.

எப்படித் தெரிகிறது என்றால், சொல்கிறவர்கள் சொல்கிறார்கள். ஏஜென்ட்டுகள், அணியின் நிர்வாகிகள், சில நேரம் உரிமையாளர் பக்கத்து ஆட்கள். யாரும் சும்மா சொல்வதில்லை. நம் ஊரில் நிலம் விற்கிறவர் "நேத்துகூட ஒரு பார்ட்டி வந்து பார்த்துட்டுப் போனாங்க" என்பாரே, அந்தப் பார்ட்டி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அதைக் கேட்டதும் நம் கை பர்ஸுக்குப் போகிறது. "மூன்று அணிகள் இவர்மீது ஆர்வம் காட்டுகின்றன" என்ற செய்தியும் அந்த வகைதான். வதந்தி வந்ததும் நான் முதலில் கேட்பது, இது வெளியே வந்தால் யாருக்கு லாபம் என்பதைத்தான். விலை ஏறினால் விற்கிற அணிக்கு. ஒப்பந்தப் புதுப்பிப்பு நேரமென்றால் ஏஜென்ட்டுக்கு.

'கண்காணிக்கிறது', 'ஆர்வம்', 'பேச்சுவார்த்தை'... எதை நம்புறது?

என் அனுபவத்தில், 'கண்காணிக்கிறது' என்றால் ஒன்றுமே நடக்கவில்லை. முப்பது அணியும் எல்லா நல்ல வீரரையும்தான் கண்காணிக்கிறது. 'ஆர்வம்' என்றால் யாரோ யாருக்கோ ஒரு தடவை போன் போட்டார்கள். 'பேச்சுவார்த்தை' என்ற சொல்லோடு எதிர்ப்பக்கம் என்ன கேட்கிறது என்ற விவரமும் வந்தால் நிமிர்ந்து உட்காரலாம். எந்த பிக் (ஆண்டுதோறும் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை), எந்த வீரர் என்று பெயர் சொல்லி 'உடன்பட்டுவிட்டார்கள்' என்று வந்தால் மட்டுமே நான் அடுத்தவருக்கு அனுப்புவேன்.

எல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஒரு கெடு ராத்திரி, தூக்கக் கலக்கத்தில், பெயரில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்த கேலிக் கணக்கின் பதிவை நிஜமென்று நம்பி குரூப்பில் போட்டுவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் நாற்பத்தேழு மெசேஜ், அத்தனையும் என்னைக் கலாய்த்து. இன்றுவரை கோர்ட்டில் "என்னப்பா, ட்ரேடு முடிஞ்சுதா?" என்று கேட்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார்.

டீமே 'இல்லை'ன்னு அறிக்கை விட்டா அது பொய் வதந்திதானே?

2024 டிசம்பர் 26 அன்று மியாமி ஹீட் தலைவர் பாட் ரைலி, ஜிம்மி பட்லரை ட்ரேடு செய்யப்போவதில்லை என்று அறிக்கையே விட்டார். வதந்திகளுக்குப் பதில் சொல்வது வழக்கமில்லை என்ற பீடிகையோடு. ஜனவரி 3-ல் பட்லரை அணி சஸ்பெண்ட் செய்தது, ட்ரேடு பேச்சுக்கும் கதவைத் திறந்தது. பிப்ரவரி முதல் வாரத்தில் அவர் கோல்டன் ஸ்டேட்டில் இருந்தார். அறிக்கைக்கும் ட்ரேடுக்கும் நடுவே ஆறு வாரம். மறுப்பு என்பது அன்றைய தேதிக்கு மட்டும்.

வீரர் தரப்பிலும் இதே கதைதான். 'என்னை அனுப்பிவிடு' என்று பொதுவில் சொன்னால் அபராதம் உண்டு. 2019 ஜனவரியில் ஆந்தனி டேவிஸுக்கு 50,000 டாலர் போட்டார்கள். அதனால்தான் எல்லாரும் 'நெருங்கிய வட்டாரங்கள்' வழியாகவே பேசுகிறார்கள்.

சம்பளம் ஒத்துப்போகணும்னு சொல்றீங்களே, அது என்ன கணக்கு? ஏப்ரன்னு வேற சொல்றாங்க.

சமையல்கட்டு ஏப்ரன் இல்லை. ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் போட்டிருக்கும் கோடுகள். 2025-26 சீசனுக்கு சேலரி கேப் சுமார் 15.46 கோடி டாலர். இதைத் தாண்டலாம், பெரும்பாலான அணிகள் தாண்டித்தான் இருக்கின்றன. 18.79 கோடியைத் தாண்டினால் ஆடம்பர வரி. 19.59 கோடி முதல் ஏப்ரன், 20.78 கோடி இரண்டாவது ஏப்ரன்.

கேப்புக்கு மேலே இருக்கும் அணி, கொடுக்கிற சம்பளத்துக்கு ஏறக்குறைய சமமான சம்பளத்தைத்தான் வாங்க முடியும்; கொஞ்சம் கூடுதலுக்கு இடம் உண்டு. முதல் ஏப்ரனுக்கு மேலே இருந்தால் அந்தக் கூடுதலும் கிடையாது. இரண்டாவதைத் தாண்டினால் கையைக் கட்டிவிடுவார்கள்: இரண்டு சின்னச் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய சம்பளக்காரரை வாங்க முடியாது, ட்ரேடில் ரொக்கம் கொடுக்க முடியாது, ஏழு ஆண்டு தள்ளி இருக்கும் முதல் சுற்று பிக்கையும் விற்க முடியாமல் முடக்கிவிடுவார்கள்.

எனவே வதந்தியைப் படித்ததும் அந்த வீரர் எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்பதற்கு முன்னால், அவர் சம்பளம் என்ன, வாங்குகிற அணி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். பத்தில் ஆறு ஏழு அங்கேயே விழுந்துவிடும் (இது என் மனக்கணக்கு, ஆய்வு ஒன்றும் இல்லை).

செல்டிக்ஸ் 2024-ல கப் அடிச்ச டீம். அதை ஏன் தாங்களே கலைச்சாங்க?

மேலே சொன்ன இரண்டாவது ஏப்ரன்தான் காரணம். அதே அணியை வைத்திருந்தால் 2025-26-ல் சம்பளமும் வரியும் சேர்த்து 50 கோடி டாலரைத் தாண்டும் என்று கணக்கு வந்தது. அது போதாதென்று 2025 மே மாதம் நியூயார்க்குக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் அணியின் முக்கிய வீரர் ஜேசன் டேட்டமுக்கு குதிகால் தசைநாண் அறுந்தது. அவர் பெரும்பாலும் ஆட முடியாது என்று தெரிந்த சீசனுக்கு அவ்வளவு பணம் கொட்ட யாருக்கு மனம் வரும்? ஜூன் மாதமே ஜ்ரூ ஹாலிடே போர்ட்லண்டுக்கும் போர்ஸிங்கிஸ் அட்லான்டாவுக்கும் போனார்கள். ஆட்டத்துக்காகச் செய்த ட்ரேடுகள் இல்லை, செலவைக் குறைக்கச் செய்தவை. இதைச் சில மாதம் முன்பே வதந்திகள் சரியாகச் சொல்லின. கணக்கு வெளியே தெரிகிற விஷயமாக இருந்தால் வதந்தி பெரும்பாலும் பலிக்கும்.

ரெண்டு டீம் மாத்திக்கிறதுல மூணாவது டீமுக்கு என்ன வேலை?

கணக்கை நேராக்குவது. ஒரு பக்கம் சம்பளமோ ஆள் எண்ணிக்கையோ இடித்தால், இடம் இருக்கும் ஓர் அணி அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ளும். கூலி, ஒன்றிரண்டு இரண்டாம் சுற்று பிக். கெவின் டுரான்ட் 2025 கோடையில் பீனிக்ஸிலிருந்து ஹூஸ்டன் போனபோது, ஏற்கெனவே பேசி வைத்திருந்த சின்னச் சின்ன பேரங்களையும் அதே மூட்டையில் கட்டியதால் கடைசியில் ஏழு அணிகள் அதில் இருந்தன. என்.பி.ஏ.யில் அதுவரை அவ்வளவு பெரிய மூட்டை கட்டியதில்லை. டுரான்டுக்குச் செய்தி வந்த நேரத்தில் அவர் நியூயார்க்கில் ரசிகர் விழா மேடையில் உட்கார்ந்திருந்தார்.

சரி, அவ்வளவு பெரிய டான்சிச் ட்ரேடு பத்தி ஏன் ஒரு வதந்திகூட வரலை?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். 2025 பிப்ரவரி 2, நமக்கு ஞாயிறு காலை. ஆடி முடித்து கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். லூக்கா டான்சிச் லேக்கர்ஸுக்கு, ஆந்தனி டேவிஸ் டாலஸுக்கு என்று ஷாம்ஸ் போட்டிருந்தார். கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். இது நிஜம்தான் என்று அவரே மறுபடி எழுத வேண்டிவந்தது. வயது 25, ஏழு மாதம் முன்புதான் டாலஸை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனவர்.

காரணம் எளிது. டாலஸ் மேலாளர் நிகோ ஹாரிசனும் லேக்கர்ஸின் ராப் பெலிங்காவும் பழைய பழக்கம். இருவருமே ஒரு காலத்தில் கோபி பிரையன்ட்டைச் சுற்றி இருந்தவர்கள். ஹாரிசன் ஏலம் விடவில்லை, வேறு அணிகளைக் கேட்கவே இல்லை. ஒரே ஆளிடம் பேசினார். முந்தைய பதிலில் சொன்ன மூன்றாவது அணியாக யூட்டா சேர்க்கப்பட்டது. டான்சிச் இதில் இருக்கிறார் என்பதே அவர்களுக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியும் என்று பிறகு செய்தி வந்தது. கசிய விட்டு லாபம் பார்க்க ஆளே இல்லை, அதனால் கசியவில்லை. சம்பளமும் கச்சிதம்: டான்சிச், டேவிஸ் இருவருக்குமே அந்த சீசனில் சுமார் 4.3 கோடி டாலர்.

ஏன் செய்தார்கள் என்பது வேறு கேள்வி. தடுப்பாட்டம்தான் கோப்பை வாங்கித் தரும் என்றார் ஹாரிசன். அந்தக் கோடையில் டான்சிச்சுக்கு ஐந்து ஆண்டுக்குச் சுமார் 34.5 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுக்க வேண்டியிருந்ததும் பின்னணியில் இருந்தது. அணி மாறியதால் அந்தத் தகுதி அவருக்குப் போய்விட்டது. ஆகஸ்டில் லேக்கர்ஸுடன் மூன்று ஆண்டுக்கு 16.5 கோடிக்குக் கையெழுத்திட்டார். அதற்கு முன்பே, 2025 ஏப்ரல் 9-ம் தேதி டாலஸுக்கு எதிரணிக்காரராக வந்தபோது, அவருக்காகப் போட்ட காணொளியைப் பார்த்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் 45 புள்ளி எடுத்தார். 2025 நவம்பரில் ஹாரிசன் வேலை போனது. என்னைக் கேட்டால், நாலு அணியிடம் கேட்டிருந்தால் இதைவிட இரண்டு மடங்கு வாங்கியிருக்கலாம். ஆனால் கேட்டிருந்தால் வதந்தி வந்திருக்கும்.

வதந்தி கசிஞ்சதாலயே ஒரு ட்ரேடு கெட்டுப்போனது உண்டா?

உண்டு. 2020 நவம்பரில் போக்டான் போக்டானோவிச் சாக்ரமென்டோவிலிருந்து மில்வாக்கிக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. சிக்கல் என்னவென்றால், அவரோடு பேரம் பேசவே சட்டப்படி நேரம் வரவில்லை. பேச்சு முன்கூட்டியே நடந்ததாக லீக் விசாரணையில் இறங்கியது, பேரம் முறிந்தது. அவர் அட்லான்டாவுக்குப் போய்விட்டார். மில்வாக்கி ஆளையும் இழந்து, 2022 இரண்டாம் சுற்று பிக்கையும் தண்டமாகக் கொடுத்தது.

அறிவிச்சதுக்கு அப்புறம் ரத்தாகுமா?

மருத்துவப் பரிசோதனை முடியும்வரை எதுவும் முடிந்ததில்லை. டான்சிச் வந்த அதே வாரம் லேக்கர்ஸ், டால்டன் கனெக்ட், கேம் ரெடிஷ், 2031 முதல் சுற்று பிக் ஆகியவற்றைக் கொடுத்து சார்லட்டிடமிருந்து மார்க் வில்லியம்ஸை வாங்கினார்கள். பிப்ரவரி 8-ல் பரிசோதனை சரியில்லை என்று ரத்து. கெடு தாண்டிவிட்டது, வேறு ஆளும் வாங்க முடியாது. உன்னை வேண்டாம் என்று அனுப்பியவர்களோடு கனெக்ட் மறுபடி உடை மாற்றும் அறையில் உட்கார வேண்டியிருந்தது.

லீகே தடுத்ததும் உண்டு. 2011 டிசம்பரில் கிறிஸ் பாலை லேக்கர்ஸுக்கு அனுப்பும் பேரத்தை ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் நிறுத்தினார். அப்போது நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு உரிமையாளரே லீக்தான், அதனால் உரிமையாளர் இடத்தில் இருந்து சொன்னார். கிறிஸ் பால் சில நாளில் கிளிப்பர்ஸுக்குப் போனார். லேக்கர்ஸ் ரசிகர்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள், மதியச் சாப்பாடு போய்விடும்.

லேக்கர்ஸ் பிக் எப்பவும் 2027, 2029, 2031-னே வருதே, ஏன் ஒத்தைப்படை?

நல்ல கண்ணு. 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லண்ட் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் முதல் சுற்று பிக்குகளை வரிசையாக விற்றுத் தீர்த்தார். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் முதல் சுற்று பிக் இல்லாமல் போகக் கூடாது என்று அதன்பின் விதி வந்தது, அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். 2027-ஐ நிபந்தனையோடு யூட்டாவுக்கு முன்பே கொடுத்தாயிற்று. எனவே 2028-ஐத் தொட முடியாது. 2029 டாலஸுக்குப் போனது, 2030 கிடையாது, 2031 மார்க் வில்லியம்ஸுக்காகப் போய்த் திரும்பி வந்தது.

லில்லார்டு மில்வாக்கியிலயே இல்லை. அவருக்கு ஏன் இன்னும் வருஷம் ரெண்டேகால் கோடி டாலர்?

2025 ஏப்ரலில் அவருக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டும் சுமார் 11.3 கோடி டாலரும் பாக்கி. மைல்ஸ் டர்னரை வாங்க இடம் வேண்டும். அதனால் மில்வாக்கி லில்லார்டை விடுவித்து, பாக்கியை நீட்டிவிட்டது. மீதி ஆண்டை இரட்டிப்பாக்கி ஒன்று கூட்ட வேண்டும் என்பது விதி: ஐந்து ஆண்டு, ஆண்டுக்கு 2.25 கோடி. கடனைத் தவணையாக மாற்றுவதுதான். ஆனால் ஐந்து ஆண்டும் அந்தத் தொகை அணியின் சம்பளக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். லில்லார்டு பழைய ஊரான போர்ட்லண்டுக்கே திரும்பி அங்கேயும் கையெழுத்திட்டார்.

பெரிய பேரை விடுங்க. அந்தப் பதினைஞ்சாவது ஆளோட கதை என்ன?

அவர்களுக்கு ஜனவரிதான் பயம். ஜனவரி 10-ல் எல்லா ஒப்பந்தமும் சீசன் முடியும்வரை உறுதியாகிவிடும், அதனால் 7-ம் தேதிக்குள் நிறையப் பேரைக் கழற்றிவிடுவார்கள். ஜனவரி 5 முதல் 10 நாள் ஒப்பந்தம் கொடுக்கலாம். ஒரே அணி ஒருவருக்கு இரண்டு தடவைதான் கொடுக்கலாம், மூன்றாவது என்றால் சீசன் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டும்.

என்.பி.ஏ.யில் ஆடிய முதல் இந்திய வம்சாவளிக்காரர் வந்ததும் இந்தப் பின்வாசல் வழியாகத்தான். கனடாவில் பிறந்த சிம் புல்லர், உயரம் 7 அடி 5 அங்குலம். 2015 ஏப்ரல் தொடக்கத்தில் சாக்ரமென்டோ 10 நாளுக்கு எடுத்தது. ஏப்ரல் 7, மின்னசோட்டாவுக்கு எதிராக முதல் ஆட்டம்: 16 விநாடி. மொத்தம் மூன்று ஆட்டம், இரண்டு புள்ளி. பத்து நாள் முடிந்தது, சீசனும் முடிந்தது.